குடிநீர்ப் பாட்டிலில் மண்ணெண்ணெய்: எளிதில் தீப்பற்றும் திரவங்களை வீட்டில் எந்தக் கலனில் வைப்பது?

மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயின்ட் தின்னர், டர்பன்டைன், சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவம் ஆகியவை எளிதில் தீப்பற்றக்கூடியவை. கடையிலிருந்து இவை ஏதோ ஒரு கலனில் வீட்டிற்கு வருகின்றன. வந்தபின், பயன்படுத்த வசதியாக இருக்கும் என்று பெரும்பாலும் வேறொரு கலனுக்கு மாற்றப்படுகின்றன. அந்த இரண்டாவது கலன் எது என்பதைப் பொறுத்தே பல விபத்துகள் நேர்கின்றன, அல்லது நேராமல் போகின்றன.

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பணியாற்றிய எந்த மருத்துவருக்கும் இக்காட்சி புதிதன்று. ஒன்றரை அல்லது இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாயும் பாட்டியும் ஓடி வருகின்றனர். குழந்தை விடாமல் இருமுகிறது. உடையில் மண்ணெண்ணெய் வாடை வீசுகிறது. "தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றி வைத்திருந்தோம், தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டான்" என்கின்றனர். அடுத்த வாக்கியத்தையும் நாங்கள் எதிர்பார்த்தே காத்திருப்போம்: "உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்துவிட்டோம், டாக்டர்." நல்ல எண்ணத்துடன் செய்யப்பட்ட அந்த இரண்டாவது செயலே பல குழந்தைகளுக்கு முதல் செயலைவிடக் கூடுதலான தீங்கை விளைவிக்கிறது. அதற்கான காரணத்தை முதலில் காண்போம்.

பாதிக்கப்படுவது வயிறு அன்று, நுரையீரல்

மண்ணெண்ணெயைக் குடித்தால் அது வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்து உயிரைப் பறிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில், வயிற்றுக்குள் சென்ற மண்ணெண்ணெய் மிகக் குறைந்த அளவே உறிஞ்சப்படுகிறது. ஆபத்து இருப்பது வேறு வழியில். மண்ணெண்ணெய், பெட்ரோல், லைட்டர் திரவம் ஆகியவை நல்லெண்ணெயைப் போல அடர்த்தியாக ஓரிடத்தில் நிற்பவை அல்ல. பட்ட இடமெல்லாம் மெல்லிய படலமாகப் பரவுபவை. குழந்தை ஒரு மிடறு குடித்ததும் அதன் எரிச்சலால் புரையேறுகிறது. அந்நேரத்தில் ஒரு சில துளிகள் மூச்சுக்குழாய்க்குள் நழுவிவிடுகின்றன. ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவான அளவு நுரையீரலை அடைந்தாலே கடும் அழற்சி உண்டாகலாம். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலத்தை இத்திரவம் சிதைத்துவிடுகிறது. அதனால் காற்று உள்ளே சென்றாலும் ஆக்சிஜன் இரத்தத்தில் சேர்வது தடைப்படுகிறது.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பதன் காரணம் இப்போது விளங்கும். வயிற்றுக்குள் அடங்கியிருக்கும் திரவம் வாந்தியின்போது மீண்டும் தொண்டைக்கு வந்து, மூச்சுக்குழாய்க்குள் நுழைய இரண்டாவது வாய்ப்பைப் பெறுகிறது. உப்புநீர், புளிக்கரைசல், தொண்டைக்குள் விரல் விடுதல் ஆகிய எதுவும் வேண்டா. பால், மோர், தேங்காய் எண்ணெய் முதலியவற்றை 'முறிவு' என்று கருதிப் புகட்டுவதும் வாந்தியையே தூண்டும்.

குழந்தை குடித்துவிட்டது எனத் தெரிந்தால், வாயைச் சுற்றியும் தோலிலும் உள்ள திரவத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். நனைந்த உடையை அகற்றுங்கள். அந்த உடையிலிருந்து எழும் ஆவியையும் குழந்தை சுவாசிக்கிறது. உடையில் தீப்பொறி படும் ஆபத்தும் உண்டு. தானாக வாந்தி வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தாழ்வாகப் பிடியுங்கள். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். குடித்த பாட்டிலை மூடி, கையோடு மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் சில பூச்சிக்கொல்லிகள் மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில் கரைக்கப்பட்டே விற்கப்படுகின்றன. வாடை ஒன்றாக இருந்தாலும் அவற்றிற்கான சிகிச்சை முற்றிலும் வேறு. பாட்டிலைப் பார்த்தால் மருத்துவருக்கு ஐயம் நீங்கும்.

"வயிற்றைக் கழுவ மாட்டீர்களா?"

பெற்றோர் எங்களிடம் மிகுந்த வேதனையுடன், சில வேளைகளில் கோபத்துடனும் கேட்கும் கேள்வி இது. பூச்சிமருந்து குடித்தவருக்கு மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றைக் கழுவுவதை அவர்கள் கண்டிருப்பார்கள். தம் குழந்தைக்கு அதைச் செய்யாமல் படுக்கையில் கிடத்திக் கவனித்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்களே என்று எண்ணுவது இயல்பு. மண்ணெண்ணெய்க்கு வயிற்றைக் கழுவுவது வாந்தி எடுக்க வைப்பதற்குச் சமமான கேடு. எனவே அது தவிர்க்கப்படுகிறது. இதில் கவனக்குறைவு எதுவும் இல்லை.

இருமலோ மூச்சுத்திணறலோ இல்லாத குழந்தையையும் குறைந்தது 6 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். மூச்சின் வேகம், நெஞ்சு உள்வாங்குதல், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஆகியவை திரும்பத் திரும்பப் பார்க்கப்படும். மார்பு எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், வந்தவுடன் எடுத்த படம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்பி வீட்டிற்கு அனுப்புவதில்லை. பாதிப்பு இருந்தால் முதல் 2 நாட்களில் அது கூடிப் பின்னர் குறையத் தொடங்கும். முக்கியச் சிகிச்சை ஆக்சிஜன். சிலருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். முதல் நாளில் வரும் காய்ச்சல் பெரும்பாலும் அழற்சியால் வருவது, கிருமித்தொற்றால் அன்று. ஆகவே எல்லாக் குழந்தைகளுக்கும் உடனே ஆன்டிபயாடிக் தொடங்குவதில்லை. உரிய நேரத்தில் வந்த பெரும்பாலான குழந்தைகள் சில நாட்களில் குணமடைகின்றனர். வீடு திரும்பிய பின் மூச்சு வாங்குதல், தொடர் காய்ச்சல், அளவுமீறிய தூக்கம் ஆகியவற்றில் ஏதேனும் காணப்பட்டால் தாமதியாமல் மீண்டும் வர வேண்டும்.

பெரியவர்களுக்கும் இது நேரும். இரு சக்கர வாகனத்திலிருந்து டியூப் விட்டு வாயால் பெட்ரோலை உறிஞ்சி இறக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. ஒரு மிடறு உள்ளே போய்விட்டது, துப்பிவிட்டேன், ஒன்றுமில்லை என்று வீட்டிலிருந்துவிட்டு, மறுநாள் நெஞ்சுவலியும் காய்ச்சலுமாக வருவோர் உண்டு. பெட்ரோல் எடுக்க வேண்டுமானால் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கை பம்ப் போதும்.

குழந்தையின் கண்ணில் அந்தப் பாட்டில்

தவழும், நடை பழகும் பருவத்தில் குழந்தை பொருள்களை அவற்றின் வடிவத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது. குடிநீர்ப் பாட்டில் என்றால் குடிப்பதற்கு. டம்ளர் என்றால் குடிப்பதற்கு. நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஊட்டப்பட்டிருப்பது கலப்படத்தையும் முறைகேட்டையும் தடுப்பதற்காக; குழந்தையை அது எச்சரிப்பதில்லை. வாடையும் தடுப்பதில்லை. தாகத்தோடு பாட்டிலை வாயில் கவிழ்க்கும் குழந்தை முகர்ந்து பார்ப்பதில்லை. அடுப்பிற்கு அளந்து ஊற்ற டம்ளரில் எடுத்து, மீதியை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து செல்லும் அரை நிமிடமும் போதும்.

எரிவாயு இணைப்புகள் பரவிய பின் மண்ணெண்ணெய் அடுப்புகள் குறைந்துவிட்டன. ஆனால் குளிர்பான பாட்டிலில் தின்னர் வைத்திருக்கும் பெயின்டர் வீடும், வண்டிக்கு ஆத்திர அவசரத்திற்கென்று பெட்ரோல் வைத்திருக்கும் வீடும், காலி மதுக்குப்பியில் டர்பன்டைன் வைத்திருக்கும் தச்சுப் பட்டறையும் குறைந்தபாடில்லை. இவற்றில் கடைசி வகை பெரியவர்களையே ஏமாற்றும்.

தீ எங்கிருந்து வருகிறது

எரிவது திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவி. பெட்ரோலும் லைட்டருக்கு ஊற்றும் நாப்தா வகைத் திரவமும் நம் ஊரின் எந்தக் குளிரிலும் தீப்பற்றப் போதுமான ஆவியை வெளியிடுகின்றன. மண்ணெண்ணெய் சற்றுச் சாதுவானது என்று கருதப்படுகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி அதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இதை நம் நாட்டு வானிலையோடு சேர்த்துப் படியுங்கள். வேலூரிலும் திருத்தணியிலும் மே மாத நண்பகலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரையின்கீழ், அடுப்புக்கு அருகில் வைத்த மண்ணெண்ணெய் அந்நாட்களில் கிட்டத்தட்டப் பெட்ரோலைப் போலவே நடந்துகொள்ளும். மண்ணெண்ணெயில் பெட்ரோல் சிறிது கலந்துவிட்டாலும் அவ்வாறே ஆகும். ஒரே மாதிரியான இரு பாட்டில்களில் இரண்டையும் வைத்து, விளக்கிற்கு மாற்றி ஊற்றியதால் நேர்ந்த தீக்காயங்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைவதில்லை. தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் பூஜை விளக்கையோ அடுப்பையோ தொட்டு, வந்த வழியே தீயாகத் திரும்பும்.

எரியும் அடுப்பிலோ, ஈர விறகிலோ, அணைந்துவிட்டதாகத் தோன்றும் குப்பையிலோ பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவது இவை அனைத்திலும் கொடியது. பாதி காலியான பாட்டிலுக்குள் ஆவியும் காற்றும் எரிவதற்கேற்ற அளவில் கலந்திருக்கும். விழும் திரவத்தின் வழியாகத் தீ மேலேறி வாய்க்குள் நுழைந்தால், உள்ளிருக்கும் ஆவி ஒரே நொடியில் பற்றி, மீதமுள்ள திரவத்தை எரியும் பீச்சாகச் சில மீட்டர் தூரம் எறியும். ஊற்றியவரைவிட எதிரில் நின்று பார்த்தவர் அதிகம் எரிவதற்கு இதுவே காரணம். அந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் குழந்தை.

நல்ல கலன் எவ்வாறு வேலை செய்கிறது

தொழிற்கூடங்களுக்கென வடிவமைக்கப்பட்ட பாதுகாப்புக் கலன் இந்த ஒவ்வொரு ஆபத்திற்கும் ஒரு விடை வைத்திருக்கிறது. உலோகத்தால் ஆன அதன் மூடி வில்விசையால் இயங்கும். கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும். எனவே திறந்து வைத்துவிட்டு மறந்துபோக வழியில்லை. கீழே சாய்ந்தாலும் கொட்டுவதில்லை. வெளியே தீ சூழ்ந்து உள்ளே அழுத்தம் கூடினால் மூடி சற்றே திறந்து அதை வெளியேற்றும், கலன் வெடிக்காது. வாய்ப்பகுதியில் நுண்ணிய உலோக வலை ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் சுடரின் வெப்பத்தை அவ்வலை உறிஞ்சிவிடுவதால் தீ உள்ளே கடப்பதில்லை. 1815இல் ஹம்ஃப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய விளக்கில் இருந்ததும் இதே வலைதான். சிறிய எரிபொருள் கலன்களிலும் இத்தகைய தீத்தடுப்பு இருக்க வேண்டும் என அமெரிக்கா 2020இல் சட்டமியற்றியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை முக்கியமானது அழுத்தித் திருகினால் மட்டுமே திறக்கும் மூடி. சில மருந்துப் பாட்டில்களில் அதை நீங்கள் கண்டிருக்கலாம். லைட்டர் திரவத்திற்கு அத்தகைய மூடி அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ்க் கட்டாயமாக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் மண்ணெண்ணெய் பயன்படுத்தும் ஒரு பகுதியில் வீடுதோறும் இவ்வகைக் கலன்களைக் கொடுத்துப் பார்த்தபோது, குழந்தைகள் மண்ணெண்ணெய் குடிக்கும் நிகழ்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1994இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. புதிய மருந்து எதுவும் இன்றி ஒரு மூடி செய்த வேலை அது. ஆயினும் இம்மூடி முழுக் காவல் அன்று. அமெரிக்கச் சோதனையில் பத்து நிமிடங்களில் 80 சதவீதக் குழந்தைகளால் திறக்க முடியாமற்போனால் மூடி தேறிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. மீதி ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிடலாம் என்பதே அதன் பொருள்.

நம் வீட்டில் செய்யக்கூடியது

வில்விசை மூடி கொண்ட கலன் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்காது; விலையும் அதிகம். அது இல்லாவிடினும் செய்யக்கூடியவை பல. தின்னர், டர்பன்டைன், லைட்டர் திரவம் ஆகியவற்றை வாங்கிய தகரக் கலனிலேயே வைத்திருங்கள், வேறொன்றுக்கு மாற்றாதீர்கள். மண்ணெண்ணெய்க்கு எரிபொருளுக்கென்றே விற்கப்படும், இறுக்கமான திருகு மூடியுள்ள உலோகக் கலனோ தடித்த கேனோ போதும். குடிநீர்ப் பாட்டிலின் மெல்லிய நெகிழி எரிபொருளுக்கென வடிவமைக்கப்பட்டதன்று. வெயிலில் உள்ளே அழுத்தம் கூடும்போது மூடியின் ஓரமாகக் கசியலாம். தின்னரில் உள்ள கரைப்பான்கள் சிலவகை நெகிழிகளை இளக்கிவிடும்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டர் வரை வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் நன்கு மூடிய கண்ணாடி, சுடுமண் அல்லது உலோகக் கலனில்தான் வைக்க வேண்டும் என்கிறது. முதல் இரண்டும் 1 லிட்டருக்கும், உலோகக் கலன் 25 லிட்டருக்கும் மிகக் கூடாது. வீட்டிற்கு 30 லிட்டர் எதற்கும் தேவையில்லை. என் கருத்தில், வண்டியின் டேங்கில் இருப்பதற்கு மேல் வீட்டில் பெட்ரோலே வேண்டா.

கலனின் மீது பெரிய எழுத்தில் பெயரை எழுதி ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவரும் வீட்டில் இருப்பார் என்பதால் சிவப்புப் பட்டை ஒன்றும் சுற்றுங்கள். அடுப்பு, விளக்கு, வெயில் ஆகியவற்றிலிருந்து விலக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில் பூட்டி வையுங்கள். கழுத்துவரை நிரப்பாமல் விரிவதற்குச் சிறிது இடம் விடுங்கள். ஊற்றும்போது புனல் பயன்படுத்துங்கள். டம்ளரோ சமையலறைக் கிண்ணமோ வேண்டா. திரி அடுப்பாயினும் பம்ப் அடுப்பாயினும் அணைத்து, முழுமையாக ஆறிய பின்னரே ஊற்ற வேண்டும். லைட்டரில் நிரப்புவோர் மெல்லிய மூக்கின் வழியே துளித்துளியாக ஊற்றி, வழிந்ததைத் துடைத்து, கையைக் கழுவி உலர்ந்த பின்னரே பற்றவைக்க வேண்டும்.

வீட்டில் எவரேனும் மிகுந்த மன உளைச்சலில் இருந்தால், அல்லது வாழ விருப்பமில்லை என்று பேசினால், இத்தகைய திரவங்களை அந்த வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். இது அவர்மீது சந்தேகம் கொள்வதாகாது. நெருக்கடியான சில நிமிடங்களில் கைக்கெட்டும் தொலைவில் ஆபத்து இல்லாமல் பார்த்துக்கொள்வது. டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் உதவி கிடைக்கும்.

தீப்பிடித்துவிட்டால்

தரையில் எரியும் எண்ணெயின்மீது தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய் நீரில் மிதந்து தீ பரவும். மணலைக் கொட்டலாம். உடையில் பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுக்கவைத்து, உருட்டியோ கம்பளி, கனமான பருத்திப் போர்வை கொண்டு மூடியோ அணையுங்கள். உடைக்கு நீர் ஊற்றலாம். எண்ணெயில் நனைந்த உடையை அகற்றுங்கள். தோலோடு ஒட்டிய நைலான் துணியைப் பிய்க்க வேண்டா. வளையல், மோதிரம், அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். காயத்தின்மீது ஓடும் குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடங்கள் விடுங்கள். காயம் பெரிதாக இருந்தால், குறிப்பாகக் குழந்தைக்கு, உடல் அளவுமீறிக் குளிர்ந்துவிடாதபடி மற்றப் பகுதிகளைப் போர்த்தி வையுங்கள். பனிக்கட்டி, பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதையும் பூசாதீர்கள். பூசியதை அகற்றுவதற்கே மருத்துவமனையில் முதல் அரை மணி நேரம் கழிகிறது. நோயாளிக்கு அது கொடிய வலி. சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். முகத்திலோ மூடிய அறைக்குள்ளோ தீக்காயம் பட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே வர வேண்டும். அவரது தொண்டை பின்னர் வீங்கி மூச்சை அடைக்கலாம்.

நச்சு தொடர்பான ஐயங்களுக்குப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். மூச்சுத்திணறல் உள்ள குழந்தையை வைத்துக்கொண்டு தொலைபேசியில் காத்திருக்க வேண்டா; அந்நிலையில் 108 மட்டுமே.

கலன் காலியான பிறகும் அதற்குள் ஆவி தங்கியிருக்கும். காலி பெட்ரோல் கேனை வெல்டிங் பட்டறைக்கு அருகிலோ அடுப்படியிலோ போடக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிநீர் பிடிக்கவும் கூடாது.